இடப்பக்கம் ஒருக்களித்து

ஜூன் 4, புதன்

மூன்று மாதப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மாவால் பார்க்க முடியவில்லை. கருவி உள்ளே போகவில்லை. அதைவிடச் சின்னதை எடுத்து வரச் சொன்னார், அதுவும் போகவில்லை. நான் கத்தவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார். கட்டி இருந்த இடத்தைக் கண்ணால் பார்த்தால்தான் திரும்ப வந்திருக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஸ்கேன் மட்டும் போதாது. கரண்ட் வைத்ததில் பாதை சுருங்கி ஒட்டிக்கொண்டு வருகிறது. இப்படியே விட்டால் முழுக்க மூடிக்கொள்ளும். (கதிர்வீச்சை இங்கே எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு வெளியிலிருந்து இருபத்தைந்து, உள்ளே வைத்து மூன்று. கருப்பை வாய்ப் புற்றுநோய், இரண்டாம் நிலை.) செப்டம்பரில் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் வழி திறந்திருக்க வேண்டும்.

கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். அங்கே ரெபெக்கா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட். முப்பது வயதிருக்கும், நாகர்கோவில் பெண். கைகால் வலிக்குத்தான் பிசியோ என்று நினைத்திருந்தேன். ஒரு துணிப்பையைத் திறந்து, பாதையை விரித்து வைக்கிற நான்கு டைலேட்டர்களை மேசையில் வரிசையாக வைத்தாள். வழவழப்பான பிளாஸ்டிக், சுண்டுவிரல் தடிமனில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று பெரிது. வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம். தண்ணீரில் கரையும் ஜெல் தடவ வேண்டும். அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தாள். தேதி, அளவு, படுத்த விதம், நிமிடம், வலி பத்துக்கு எத்தனை, குறிப்பு.

குறிப்புக்கு விட்டிருந்த கட்டம் அரை அங்குலம். நான் பத்தொன்பது வருடமாக நூல் மில்லில் டெஸ்டிங் லேப் பார்க்கிறவள். நூல் எத்தனை பலத்தில் அறுந்தது என்பதோடு எப்படி அறுந்தது என்றும் எழுதிப் பழகியவள். அரை அங்குலம் போதாது. லேபில் கழித்துப்போட்ட பழைய ரெஜிஸ்டர் ஒன்றை எடுத்து வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்றேன். என்ன பயிற்சி என்று கேட்கவில்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டு இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 6, வெள்ளி

முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வீடு. அவர் கடையிலிருந்து எட்டு மணிக்கு முன் வரமாட்டார். மோட்டார் ரீவைண்டிங் கடை, பங்குனி முதல் ஆடி வரை போர்வெல் மோட்டாராக வந்து குவியும். குளித்தேன். கதவைத் தாழிட்டேன்.

முதல் அளவு. மல்லாந்து, முழங்கால் மடித்து. நான்கு நிமிடம்தான் முடிந்தது. வலி ஏழு. மூச்சை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், எழுந்தபோதுதான் தெரிந்தது.

மறுபடி குளித்தேன். புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல்.

ஜூன் 8, ஞாயிறு

மல்லாந்து. ஐந்து நிமிடம். வலி ஏழு.

ஜூன் 10, செவ்வாய்

மல்லாந்து. ஆறு நிமிடம். வலி ஏழு. லேசாக ரத்தம். ரெபெக்காவுக்குப் போன் செய்தேன். சொட்டுச் சொட்டாக வந்தால் பயமில்லை, நிற்காமல் வந்தால் உடனே வரவேண்டும் என்றாள்.

புதிய சோப்பு வாங்கினேன். சந்தனம். பழையதில் வாசனை போதவில்லை.

ஜூன் 14, சனி

மல்லாந்து. வலி ஆறரை. அரை குறைந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் மிருதுளா பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறார், ஹாலில் படுத்துக்கொள்கிறார், கட்டில் முழுக்க எனக்குத்தான் என்றேன். நல்லதுதானே அம்மா, காலை நீட்டிப் படுக்கலாம் என்றாள். பிப்ரவரி கடைசியில், மூன்றாவது தடவை உள்ளே கரண்ட் வைத்து வீட்டுக்கு வந்த அன்று, அவரும் அதைத்தான் சொன்னார்.

கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டேன். இந்த வாரத்தில் மூன்றாவது முறை.

ஜூன் 18, புதன்

ரெபெக்காவிடம் தாளைக் காட்டினேன். மேலிருந்து கீழாக விரலை ஓட்டிக்கொண்டே போனவள் 'படுத்த விதம்' என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"எல்லா நாளும் மல்லாந்தே படுத்திருக்கீங்களேக்கா, ஏன்?"

"வேற எப்படிப் படுக்கறதுங்க?"

"வீட்டுல, அண்ணன்கூட இருக்கும்போது?"

"அப்பவும் இப்படித்தானுங்க."

எத்தனை வருடம் என்று கேட்டாள். கல்யாணமாகி இருபத்து மூன்று என்றேன். அலமாரியிலிருந்து ஒரு இடுப்பெலும்பு பொம்மையை எடுத்தாள். அடியில் சிவப்பு ரப்பரில் சதை வைத்திருந்தது. முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தால் தொடை உழைக்கிறது, தொடை உழைத்தால் அடியில் இருக்கும் இந்தச் சதையும் சேர்ந்து இறுகுகிறது என்று காட்டினாள். பக்கவாட்டில் படுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை கொடுத்தால், தொடைக்கு வேலையில்லை. இடுப்பு கொஞ்சம் சாயும், பாதையின் கோணமும் மாறும். இடுப்பை ஒரு விரல் அளவு திருப்பினாலே உள்ளே எங்கே படுகிறது என்பது மாறிவிடுமாம்.

இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற, சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை முக்காலியில் வைத்து நின்றபடி. ஐந்தையும் முயன்று எழுதச் சொன்னாள். எந்த உடம்புக்கு எது சேரும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றாள். இது எனக்குப் புரிந்தது. ஒரே பஞ்சில் நூற்றாலும் ஒவ்வொரு மெஷினிலும் நூல் வேறுதான்.

ஜூன் 21, சனி

நின்றபடி. கால் நடுங்கியது. வலி எட்டு. இனி வேண்டாம்.

ஜூன் 23, திங்கள்

சாய்ந்து உட்கார்ந்து. வலி ஐந்து. ஆனால் செய்வது கண்ணில் படுகிறது, அதனால் உடம்பு இறுகுகிறது.

லேபில் ஈரப்பதம் அறுபத்தைந்தில் நிற்காமல் இறங்கிவிட்டது, காலையில் எடுத்த அளவுகளையெல்லாம் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஜூன் 25, புதன்

வலப்பக்கம் ஒருக்களித்து, தலையணை. வலி நான்கு.

ஜூன் 27, வெள்ளி

இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்காலுக்கு நடுவில் தலையணை. பத்து நிமிடம். வலி மூன்று. நம்பாமல் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம்தான்.

வலத்துக்கும் இடத்துக்கும் ஏன் வித்தியாசம் என்று தெரியவில்லை. வலது கை சுலபமாக எட்டுவதாலும் இருக்கலாம்.

ஜூலை 2, புதன்

இரண்டாம் அளவுக்கு வந்துவிட்டேன். ரெபெக்காவுக்கு சந்தோஷம். அடுத்ததாக ஒன்று சொன்னாள். ஒரு சின்ன வைப்ரேட்டர். கரண்ட் பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அதிர்வு கொடுத்தால் ரத்தம் வரும், சதை தளரும், டைலேட்டருக்கு முன்னால் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் போதும் என்றாள். அது என்னவென்று எனக்குத் தெரியும். கேன்டீனில் இளம் பெண்கள் போனில் பார்த்துச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் எதற்கு, வெறும் வைத்தியம் போதாதா என்றேன்.

"சுகமா இருக்கிறதும் வைத்தியம்தான்க்கா. வலிக்கும்னே பயந்துகிட்டு இருந்தா இந்தச் சதை இறுகிட்டேதான் இருக்கும். இங்க வலி மட்டுமில்ல, வேறயும் வரும்னு அதுக்குத் தெரியணும்."

'சுகம்' என்ற வார்த்தையை அவள் இருமல், சளி என்பது போலச் சொன்னாள். அதனால்தான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பார்சல் வந்தது. மேலே என் பெயரும் ஒண்டிப்புதூர் விலாசமும் மட்டும். உள்ளே கட்டைவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக ஒன்று, ஊதா நிறம். சார்ஜ் போட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூலை 9, புதன்

மல்லாந்து வைத்துப் பார்த்தேன். அதிர்வு ஒரே புள்ளியில் கூர்மையாக, ஊசி போல. ஒரு நிமிடத்தில் மரத்துப்போனது. டைலேட்டர் வலி மூன்று.

ஜூலை 11, வெள்ளி

குப்புற, இடுப்புக்கு அடியில் தலையணை. கையே தேவையில்லை, உடம்பின் எடையே அழுத்திக்கொள்கிறது. ஆனால் அழுத்தம் அதிகம். அதிர்வு எலும்பில் ஏறிப் பல் வரை வந்தது.

கத்தரிக்காய் வாங்கினேன், பாதி சொத்தை.

ஜூலை 13, ஞாயிறு

அவர் கணபதியில் ஒரு வீட்டுக்கு மோட்டார் இறக்கப் போயிருந்தார். மதியம் வீட்டில் யாரும் இல்லை.

இடப்பக்கம் ஒருக்களித்து. பட்டன் முதல் வேகத்தில்தான். அதிர்வு அதேதான், ஆனால் வேறு கருவி போல இருந்தது. தொடைகள் சேர்ந்திருந்ததால் ஒரு புள்ளியில் நிற்காமல் பரவியது, அடிவயிற்றுக்கும் முதுகுக்கும். மழுங்கலான, வெதுவெதுப்பான ஒன்று. மேல் காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தித் தலையணையைக் கீழே இறக்கினேன். இடுப்பு தானாக ஒரு விரல் சாய்ந்தது.

அளவு: இரண்டு. நிமிடம்: பார்க்கவில்லை. வலி: பூஜ்யம்.

குறிப்பு: பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 14, திங்கள்

எழுதுவதென்றால் இதுதான். நடந்தது. அதன் பெயர் எனக்குத் தெரியும், வாரப் பத்திரிகைகளின் கேள்வி பதிலில் படித்திருக்கிறேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கு இருபத்திரண்டு வயது. இது நேற்றுத்தான் முதல் முறை.

அதன் பிறகு சின்ன வெங்காயம் உரித்தேன். தேவைக்கு அதிகமாகவே உரித்துவிட்டேன். இன்றும் அதே வெங்காயத்தில்தான் குழம்பு.

ஜூலை 17, வியாழன்

இடப்பக்கம். மூன்றாம் அளவு. வலி இரண்டு. ஞாயிறு வந்தது இன்று வரவில்லை, ஆனால் அருகில் வரை வந்தது. தலையணையின் உயரம் முக்கியம் என்று தெரிகிறது. மெல்லியதை மாற்றிப் பஞ்சுத் தலையணை வைத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இடப்பக்கம், பஞ்சுத் தலையணை. வந்தது.

அவர் சாப்பிடும்போது என்ன அம்மிணி, முகம் தெளிவாக இருக்கிறதே என்றார். தூங்கினேன் என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் எப்போது விட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். நாள் பிடிபடவில்லை. ஏப்ரலாக இருக்கலாம்.

குளித்தேன்.

ஜூலை 24, வியாழன்

வைப்ரேட்டர் ஓடவில்லை. மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டும் விளக்கு மட்டும் எரிகிறது. டைலேட்டர் மட்டும் செய்தேன். வலி நான்கு.

ஜூலை 26, சனி

ஒண்டிப்புதூர் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மின்சாரம் இல்லை. மில்லுக்கு வேறு லைன், நான் வழக்கம்போலப் போய் வந்தேன். அவர் கடையில்தான் இருப்பார் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் அந்தக் கருவியை வைத்து, அவருடைய சின்ன ஸ்க்ரூடிரைவரால் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். கரண்ட் இல்லாமல் கடையில் என்ன செய்வது என்று வந்தாராம்.

மறைக்க நேரமில்லை. மறைக்கவும் தோன்றவில்லை, கையில் திருகாணி இருந்தது.

"என்னது அது?"

"ஆஸ்பத்திரில சொன்னதுங்க. உள்ள சதை இறுகாம இருக்கறதுக்கு."

வாங்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். முகத்தில் எதுவும் மாறவில்லை, வாடிக்கையாளர் கொண்டுவந்த மோட்டாரைப் பார்க்கிற முகம்தான். நகத்தால் மூடியை நெம்பித் திறந்து, உள்ளே கடுகு போலிருந்த மோட்டாரை விரல் நுனியில் சுற்றிப் பார்த்தார். மோட்டாருக்கு ஒன்றுமில்லை, ஒயர் விட்டிருக்கிறது என்றார். சாயங்காலம் கரண்ட் வந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் செய்தித்தாளில் சுற்றி மேசையில் வைத்திருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கேட்டார்.

"இது வலிக்கறதுக்கா, வலிக்காம இருக்கறதுக்கா?"

"வலிக்காம இருக்கறதுக்குங்க." பிறகு சொன்னேன், "நல்லா இருக்கறதுக்கும்."

காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தார். டம்ளர் கழுவுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே வரிசையாக எழுதுகிறேன்.

பிப்ரவரியில் மூன்றாவது முறை உள்ளே கரண்ட் வைத்த அன்று, நான் மயக்கத்தில் இருந்தபோது டாக்டரம்மாவிடம் கேட்டாராம், இந்த நோய் எப்படி வருகிறது என்று. ஒரு வைரஸ், உடலுறவில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வரும், உள்ளேயே பல வருடம் தூங்கியும் கிடக்கும் என்றாராம். தன்னிடமிருந்து வந்திருக்குமா என்று இவர் கேட்டாராம். வந்திருக்கலாம் என்றாராம். கல்யாணத்துக்கு முன் அவர் சூரத்தில் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரீஷியனாக மூன்று வருடம் இருந்தார், அது எனக்குத் தெரியும். தெரியாதது, கூட இருந்தவர்களோடு இரண்டு முறை ஒரு இடத்துக்குப் போயிருக்கிறார்.

"ரெண்டே வாட்டிதான் அம்மிணி. அத நான் மறந்தே போயிட்டேன். அந்த டாக்டரு சொன்னப்பத்தான் ஞாபகமே வந்துச்சு."

நான் பீன்ஸை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

நூல் பலம் சராசரிக்குக் கீழே. மெஷின் எண் பதினொன்று, பதினான்கு. சூப்பர்வைசரிடம் சொல்லியாயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

பயிற்சி இல்லை.

ஜூலை 31, வியாழன்

பயிற்சி இல்லை. ரசம் மட்டும் வைத்தேன். அவர் கேட்காமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டிலிருந்து சித்திரான்னம் கொடுத்தனுப்பினார்கள். பயிற்சி இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

தாளில் பத்து நாளுக்கு மேல் காலியாக இருந்ததை ரெபெக்கா பார்த்தாள். என்ன ஆயிற்று என்றாள். யாரிடமும் சொல்வதாக இல்லை, ஆனால் சொன்னேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இந்த வைரஸ் எங்கும் இருக்கிறது, கல்யாணம் ஆனவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு காலத்தில் இதை வாங்கிக்கொண்டவர்கள்தான், பெரும்பாலோர் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும், சிலருக்கு மட்டும் தங்கிவிடும் என்றாள். அந்த இரண்டு முறையில்தான் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வரவில்லை என்றும் நிரூபிக்க முடியாது.

"உங்க கோபம் நியாயம்தான்க்கா. அத நான் ஆத்த வரல. ஆனா பயிற்சிய விட்டா பாதை மூடும். கோபத்தோடயே செய்யுங்க."

நான் கேட்டேன், ஐந்து மாதமாக என்னைத் தொடாமல் இருக்கிறாரே, அது இதனால்தானா என்று. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றாள்.

இரண்டாம் அளவுக்குத் திரும்பி வந்து செய்தேன். வலி ஐந்து. கோபத்தோடு செய்தால் வலி எத்தனை கூடுகிறது என்று தெரிந்துகொண்டேன். மூன்று கூடுகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டேன். ஹாலில் போய்ப் படுத்தது எதற்கு.

நான் குடுத்த நோவு, நான் எப்படித் தொடுவேன் என்றார். தொட்டால் மறுபடி வந்துவிடுமோ என்றும் பயமாம். டாக்டரிடம் அதைக் கேட்க வெட்கமாம்.

எனக்குக் குரல் உயராது. அப்போதும் உயரவில்லை.

"எம்மேல நாறுதுன்னு நெனச்சேனுங்க. அந்த நோவு வந்தப்ப அப்படியொரு வாடை அடிச்சுதே, அது இன்னும் போகலைன்னு நெனச்சேன். அஞ்சு மாசமா தெனம் ரெண்டு வாட்டி, மூணு வாட்டி குளிக்கறேன். உங்களுக்கு அருவருப்பா இருக்குதுன்னுதான் தட்ட எடுத்துட்டு ஹாலுக்குப் போறீங்கன்னு நெனச்சேன். சூரத்துக்குப் போனத நான் பொறுத்துக்கலாமுங்க. இத எப்படிப் பொறுக்கறது?"

அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அம்மா இறந்தபோது ஒருமுறை. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை என்பதைத்தான் உட்காரவில்லை என்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு முறைதான் குளித்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. அவர், தானும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், ரெபெக்காவிடம் தானே கேட்க வேண்டும் என்றார். இன்று லீவு, புதன்கிழமை வாருங்கள் என்றேன்.

இடப்பக்கம். மூன்றாம் அளவு. வலி மூன்று.

ஆகஸ்ட் 20, புதன்

வந்தார். ரெபெக்காவின் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். தொட்டால் நோய் திரும்புமா என்று கேட்டார். திரும்பாது என்றாள். எனக்கு வலிக்குமா என்று கேட்டார். அதை அக்காதான் சொல்லணும், அவங்க சொல்றபடி கேட்டா வலிக்காது என்றாள். பிறகு அந்த எலும்பு பொம்மையைக் கையில் கொடுத்தாள். எப்படிச் சாய்த்தால் எது தளர்கிறது என்று அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் இருக்கும். இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள் என்று ரெபெக்கா சொன்னாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இடப்பக்கம். நான்காம் அளவு, முதல் முறை. வலி மூன்று. அவர் ஹாலில் டிவியை நிறுத்திவிட்டு, வெளியே போய் நிற்கட்டுமா என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டார். இருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 30, சனி

நான்காம் அளவு. வலி ஒன்றரை. புதன்கிழமை பரிசோதனை. தூக்கம் சரியில்லை. கட்டி திரும்பி வந்திருந்தால் இத்தனை பயிற்சியும் அதைப் பார்ப்பதற்காக மட்டும்தான் செய்ததாகிவிடும்.

செப்டம்பர் 3, புதன்

அதே அறை, அதே மேசை. நர்ஸ் கால்களை வைக்கும் கம்பிகளை இழுத்து விட்டு மல்லாந்து படுக்கச் சொன்னார். கால் உயர்ந்ததும் எல்லாம் இறுகியது, எனக்கே தெரிந்தது. டாக்டரம்மா கருவியை எடுக்கும் முன் சொல்லிவிட்டேன்.

"ஒரு நிமிஷமுங்க டாக்டர். நான் இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துக்கட்டுமா? அப்படிப் படுத்தா எனக்குத் தளரும்."

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அப்படியும் பார்க்கலாம், இதுவரை இங்கே யாரும் கேட்டதில்லை என்றார். நர்ஸ் கம்பிகளை மடக்கினார். தலையணை ஒன்று கேட்டேன், முழங்காலுக்கு நடுவில் வைக்க. போர்வையை மடித்துக் கொடுத்தார்கள். இடுப்பை ஒரு விரல் முன்னால் சாய்த்துக்கொண்டேன். மூச்சை விட்டேன்.

போனது. வலி இரண்டு. டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். லைட்டை நகர்த்தச் சொல்லி மறுபடி பார்த்தார். நான் சுவரில் இருந்த டைல்ஸை எண்ணினேன், நாற்பத்திரண்டு.

சுத்தமாக இருக்கிறது என்றார். புதிதாக ஒன்றும் இல்லை. டிசம்பரில் மறுபடி.

வெளியே வந்து அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மறுபடி எழுந்து நின்றார். கீழ்த்தளத்தில் ரெபெக்காவிடம் சொன்னபோது, ஒருக்களித்துப் படுத்தேன் என்பதைத்தான் இரண்டு முறை கேட்டாள். மற்ற பெண்களுக்கும் சொல்லலாமா என்றாள். தாராளமாக என்றேன், பெயர் மட்டும் வேண்டாம்.

செப்டம்பர் 5, வெள்ளி

பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள் போதுமாம், ஆனால் நிறுத்தக் கூடாது. இடப்பக்கம், நான்காம் அளவு, வலி ஒன்று.

இரவுச் சாப்பாடு மேசையில். இரண்டு தட்டு.

செப்டம்பர் 7, ஞாயிறு

கடை லீவு. கோழி எடுத்து வந்தார். மதியம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வெயில் இறங்காத நேரத்தில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றார். உள்ளே வரலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவது போல உட்கார்ந்தார். மடித்த துணிகளை நகர்த்தி இடம் கொடுத்தேன்.

எனக்கு இன்னும் முழுக்கக் கோபம் தீரவில்லை என்று சொன்னேன். தெரியும் என்றார். சூரத்தைப் பற்றி இன்னொரு நாள் கேட்பேன், அப்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல், மடித்து வைத்த துண்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எப்படிப் படுத்தா உனக்கு நல்லா இருக்கும்?"

இருபத்து மூன்று வருடத்தில் இதை அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை; சொல்வதற்கு எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது தெரியும். எந்தப் பக்கம், தலையணை எங்கே, கை எங்கே, எவ்வளவு மெதுவாக, எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பாதியில் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டார். மறுபடி சொன்னேன்.